சில்லறைக்குள் ஒரு சங்கு

மார்த்தாண்டம் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்கிறார்: இரவில் கல்லாப்பெட்டியை எண்ணும்போது, ஒரு ரூபாய்க் காசுகளுக்கு நடுவே சங்கு பொறித்த செம்புக் காசு ஒன்று கிடந்ததாம். அன்று மாலை மிட்டாய் வாங்க வந்த ஒரு பையன் கொடுத்ததாக இருக்கும் என்பது அவருடைய சந்தேகம். இப்படிப் பழைய காசுகள் இன்னும் சில்லறையில் வருமா, எதையெல்லாம் எடுத்து வைக்கலாம், லட்சக்கணக்கில் விலை போகும் என்கிறார்களே, அது மெய்தானா?

கடைசிக் கேள்விக்கு ஒரே வார்த்தை: பொய். மற்ற இரண்டுக்கும் நிதானமாகப் பதில் சொல்கிறேன். நான் 1985 முதல் 2017 வரை இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பஸ் நடத்துனராக இருந்தவன். களியக்காவிளை வழித்தடத்தில் சில வருடங்கள், குளச்சலில் சில வருடங்கள், கன்னியாகுமரிக்கும் வடசேரிக்கும் இடையில் மிச்ச வருடங்கள். முப்பத்திரண்டு வருடங்களாகத் தோல் பைக்குள் கைவிட்டுத் துழாவியதில் விரல்களுக்கே கண் வந்துவிட்டது. பழைய காசு விரலில் பட்டால் பார்க்காமலே தெரியும். விளிம்பு மழுங்கி, சோப்புத் துண்டு போல வழுக்கும்.

வசூல் பணத்தில் கைவைத்தானா என்று யாரும் நினைக்க வேண்டாம். டியூட்டி ஏறும்போது கையில் இருக்கும் சொந்தப் பணத்தை எழுதிக் காட்டிவிட வேண்டும்; நடுவழியில் பரிசோதகர் ஏறினால் கணக்கு ஐந்து ரூபாய் கூடியிருந்தாலும் கேள்வி, குறைந்திருந்தாலும் கேள்வி. அதனால் மனதுக்குப் பிடித்த காசு வந்தால் பையின் சின்ன அறையில் தனியாகப் போட்டுக்கொள்வேன். இரவு டிப்போவில் பணம் கட்டும்போது என் ரூபாயை வைத்துவிட்டு அந்த ரூபாயை எடுத்துக்கொள்வேன். ரூபாய்க்கு ரூபாய், கணக்கு மாறாது. கடைக்காரரான உங்களுக்கு இந்தத் தொல்லைகூட இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். பழைய காசு கை மாறிக் கை மாறி, ஐம்பது வருடம் நடந்து நம்மிடம் வந்து சேர்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி வருவதில்லை. புழக்கத்தில் இருக்கும் காசு தேயும், தொலையும், வங்கிக்குப் போய்ப் பிரிக்கப்படும், செல்லாததானால் திரும்பி வராது. உங்கள் கல்லாவுக்கு வருவது எங்கோ ஒரு பெட்டியில் உறங்கிக் கிடந்து, யாரோ தட்டி எழுப்பிய காசு. பாட்டி இறந்து அவள் ஓலைப் பெட்டியைக் கவிழ்த்திருப்பார்கள். பழைய வீட்டை இடித்திருப்பார்கள். பேரன் உண்டியலை உடைத்திருப்பான். ஆகவே பழைய காசு ஒன்று கிடைத்தால், அது என்ன விலை என்பதற்கு முன்னால், எங்கிருந்து எழுந்து வந்தது என்றுதான் நான் கேட்பேன்.

எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் ஒரு மீன்கார அம்மா. தொண்ணூறுகளின் நடுவில், குளச்சலிலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறுவார். பாத்திரத்துக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க, இடுப்பிலிருந்து சுருக்குப் பையை உருவி, இருட்டிலேயே தடவி எண்ணிக் கொடுப்பார். ஒருநாள் இரவு டிப்போவில் எண்ணும்போது ஒரு ரூபாய் குறைந்தது. பையைக் கவிழ்த்துப் பார்த்தால், மீன் செதில் ஒட்டிய செம்புக் காசு ஒன்று. ஒரு பக்கம் சங்கு. மறுபக்கம் தேய்ந்து வெறும் தகடு. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்து நாணயமான சக்கரம். குறைந்த ரூபாயை நான் போட்டுக் கட்டினேன். உள்ளுக்குள் மகிழ்ச்சிதான், ஒரு ரூபாய்க்குச் சக்கரம் யாருக்குக் கிடைக்கும்?

மறுநாள் சும்மா காட்டலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். பார்த்ததும் அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "மக்களே, இதை நேற்று முழுவதும் தேடினேன். என் அம்மை முதன்முதலில் மீன் விற்ற காசு. பையில் இது கிடந்தால்தான் பை காலியாகாது என்று தந்துவிட்டுப் போனாள்." திருப்பிக் கொடுத்தேன். ரூபாய்க்குப் பதில் அரைக் கிலோ சாளை கொடுத்தார். அதன்பின் அவர் எண்ணும்போது, ஒரு காசை மட்டும் விரலிடுக்கில் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தருவதைக் கவனித்தேன். அதுவரை அதை நான் பார்த்ததே இல்லை.

உங்கள் கையில் இருப்பதும் அந்த ஜாதிக் காசுதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன் நம்முடைய அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் மலையாளக் கரையோடு இருந்தவை. 1949 வரை திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சி. அந்த நாட்டுக்குத் தனி நாணயம் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆக, ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய் என்றால் இருபத்தெட்டரைச் சக்கரம். இந்த அரைச் சக்கர வித்தியாசத்தை வைத்து எத்தனை கணக்குப்பிள்ளைகள் வீடு கட்டினார்களோ! எங்கள் பக்கம் வயதானவர்கள் பணத்தைப் பொதுவாகவே 'சக்கரம்' என்று சொல்லும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

அதற்கும் முந்திய சக்கரம் வெள்ளியில், ஒரு பயறளவு இருக்கும். எண்ணினால் விரலிடுக்கில் ஓடிவிடும். அதனால் குழிகள் வெட்டிய மரப்பலகை ஒன்றை வைத்து, அதன்மேல் காசை அள்ளிக் கொட்டி அசைப்பார்கள். குழிக்கு ஒன்றாக அமர்ந்ததும் மிச்சத்தை வழித்து விடுவார்கள். பலகைக்கு இத்தனை குழி என்பது தெரியும் என்பதால் எண்ணவே வேண்டாம். சக்கரப் பலகை என்று பெயர். டிக்கெட் கொடுத்துக்கொண்டே சில்லறை எண்ணித் திண்டாடிய நாட்களில், அப்படி ஒரு பலகை எனக்கும் வாய்த்திருக்கக்கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

உங்கள் காசில் ஆண்டு தெரிந்தால், அது கொல்லம் ஆண்டாக இருக்கும். 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில வருடம் வந்துவிடும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால் ஒரு வருடம் முன்பின் இருக்கலாம். 1116 என்றிருந்தால் 1940-41. இந்தக் கணக்குத் தெரியாமல், "ஆயிரத்து நூற்றுப் பதினாறாம் வருடத்துக் காசு, ஒன்பது நூற்றாண்டுப் பழமை" என்று என்னிடமே விலை பேச வந்தவர் உண்டு. சில காசுகளில் ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடக்கும். ஆர்.வி. என்றால் ராம வர்மா, அதாவது மூலம் திருநாள் மன்னர். பி.ஆர்.வி. என்றால் பால ராம வர்மா, சித்திரைத் திருநாள் மன்னர்.

பெட்டிகள் எப்போது உடைகின்றன என்று தெரிந்துகொண்டால் காசு எப்போது வரும் என்பதும் தெரிந்துவிடும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் வாரம் நல்ல வாரம். மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை நாட்களில், நேர்ந்து முடிந்து வைத்த காசுகளை எடுத்துக்கொண்டு பெண்கள் பஸ் ஏறுவார்கள். போகும் வழியில் டிக்கெட்டுக்குச் சில்லறை போதாமல், அந்த முடிச்சிலிருந்தே ஒன்றிரண்டை எடுத்துத் தருவதும் உண்டு. சித்திரை விஷுவுக்கு மறுநாள் அதைவிட நல்ல நாள். கைநீட்டம் கொடுக்கும் பெரியவர்கள் இன்றைய ஸ்டீல் காசைக் கொடுக்கமாட்டார்கள். அலமாரியில் துணி மடிப்புக்குள் வைத்திருந்த கனமான நாணயத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பார்கள். வாங்கிய பிள்ளைக்கு அது வெறும் ஐந்து ரூபாய். மறுநாளே கடைக்கு வந்துவிடும். மிட்டாய்க் கடைக்காரர்களுக்கு விஷு இரண்டு நாள் என்பேன்.

எல்லாவற்றையும் விஞ்சியது 2016 நவம்பர். 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த மறுவாரம், மாவட்டத்தில் இருந்த மண் உண்டியல்கள் பெரும்பாலும் உடைந்திருக்கும் என்று நினைக்கிறேன். நூறு ரூபாய்த் தாளே கிடைக்காமல் ஜனங்கள் சில்லறையை மஞ்சள் பையில் கொண்டுவந்தார்கள். பயணிகளுக்கு அது துன்பகாலம், அதை மறக்கவில்லை. ஆனால் முப்பது வருடத்தில் பார்க்காத காசுகளை அந்த மூன்று வாரங்களில் பார்த்தேன். 1982 ஆசிய விளையாட்டு, 1985 இந்திரா காந்தி, உணவு உற்பத்தியைப் பெருக்கு என்ற காலத்துத் தானியக் கதிர் போட்ட நாணயங்கள். மண் வாசனையோடு, உண்டியலின் செம்மண் தூள் ஒட்டியபடி வந்தன.

இனி எதை எடுத்து வைப்பது என்பதற்கு வருவோம். நான் வேலையில் சேர்ந்தபோது அலுமினியக் காசுகள் புழக்கத்தில் இருந்தன: சதுரத்தில் 5 பைசா, பூப்போல விளிம்பு வளைந்த 10 பைசா, அறுகோணத்தில் 20 பைசா. 1964-ல் வந்த 3 பைசா அப்போதே அபூர்வம். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி 16 அணா, 64 காலணா என்ற கணக்கு போய் 100 நயா பைசா வந்தது. 1964-ல் 'நயா' உதிர்ந்தது. பெட்டிகளைக் கவிழ்த்தால் இவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். தாமரை போட்ட மஞ்சள் 20 பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்று எங்கள் தெருவில் ஒரு காலத்தில் புரளி. அதைப் பதுக்கி வைக்காத வீடே இல்லை. பித்தளை வகை உலோகம்தான், குன்றிமணித் தங்கம்கூட இல்லை. ஆனால் அந்தப் புரளியின் புண்ணியத்தால் இன்றும் அந்தக் காசு பளபளப்பாகக் கிடைக்கிறது.

25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போயின. 50 பைசா இன்றும் செல்லும். வாங்கமாட்டேன் என்று சொல்கிற கடைக்காரர்களில் நீங்களும் ஒருவராக இருந்தால், தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள். 10 ரூபாய் நாணயத்துக்கும் இதே கதி நேர்ந்து, பஸ்ஸில் தினம் சண்டை. பதினான்கு விதமான 10 ரூபாய்க் காசுகளும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் சொன்னது. அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சண்டையெல்லாம் போட்டு முடித்த பிறகு.

ஓட்டைக் காலணா உங்கள் கல்லாவுக்கு வராது. 1943 முதல் 1947 வரை, போர்க்காலச் செம்புப் பஞ்சத்தில், நடுவில் பெரிய துளையோடு அடித்த காசு அது. எனக்குக் கிடைத்தது காசாக அல்ல. என் மாமனார் வீட்டுப் பழைய கதவைக் கழற்றும்போது, தாழ்ப்பாள் ஆணிக்கு அடியில் வாஷராக இருந்தது. அறுபது வருடம் கதவைத் தாங்கியிருக்கிறது. 'காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லாதவன்' என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்த மாமனார்தான் அதை எடுத்துக் கையில் தந்தார்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியவை நேற்றுவரை சாதாரணமாக இருந்தவை. பதினொரு பக்கம் கொண்ட, இந்திய வரைபடம் போட்ட 2 ரூபாய். 1992-ல் வரத் தொடங்கிய தடித்த 5 ரூபாய். ஒன்பது கிராம் எடை, விளிம்பில் பள்ளம் ஓடும். இரண்டும் செம்பு-நிக்கல் கலவை. பின்னால் வந்தவை எடை குறைந்தவை, பெரும்பாலும் ஸ்டீல். அந்தத் தடித்த ஐந்து ரூபாயை எல்லைக்கு அப்பால் கடத்தி உருக்கிச் சவர பிளேடு செய்கிறார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்ததுண்டு. இந்த இரண்டும் கண்ணெதிரே மறைந்துகொண்டிருக்கின்றன. ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் ஒட்டும், செம்பு-நிக்கல் ஒட்டாது. ஐம்பது அறுபதுகளின் நிக்கல் ரூபாயும் ஒட்டும் என்பதால், காந்தத்தில் ஒட்டிய பெரிய ரூபாயை ஸ்டீல் என்று உடனே ஒதுக்கிவிடாமல் ஆண்டைப் பாருங்கள்.

ஆண்டுக்குக் கீழே எந்த நாணயச் சாலையின் குறி என்பதையும் பாருங்கள். வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லாவிட்டால் கொல்கத்தா. 1985-ல் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வெளிநாட்டிலும் அடித்து வாங்கினார்கள். அந்த வருடத்து ரூபாயில் எச் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பர்மிங்காமில் அடித்தது. கன்னியாகுமரி வண்டியில் ஒரே டிரிப்பில் நான்கு நாணயச் சாலைக் காசும் வந்துவிடும். ஜம்மு பக்கத்திலிருந்தும் திப்ருகரிலிருந்தும் ரயில் வந்து முடிகிற ஊர் அல்லவா? இந்தியாவின் சில்லறை முழுதும் சரிந்து வந்து எங்கள் மூலையில் தேங்கும். முக்கடலில் எறிந்து, அலை திருப்பிக் கரையில் போட்டு, யாரோ பொறுக்கிய காசுகளும் வரும்; உப்பு அரித்து அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாக இருக்கும்.

நினைவு நாணயங்களில் எனக்கென்று ஒரு பட்சபாதம் உண்டு: நம்மூர்ச் சம்பந்தம் இருந்தால் எடுத்துவிடுவேன். 1995-ல் தஞ்சாவூர் எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வள்ளுவர் உருவத்தோடு வந்தது. கன்னியாகுமரிப் பாறையில் 133 அடிச் சிலை திறந்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து, 2000 ஜனவரி 1-ல். காமராஜர் நூற்றாண்டு 5 ரூபாய். அவர் 1969 இடைத்தேர்தலிலும் 1971-லும் நாகர்கோவில் தொகுதி உறுப்பினர். மருத்துவாழ்மலையில் தவமிருந்த நாராயண குருவுக்கு ஒன்று. விவேகானந்தருக்கு 2013-ல் ஒன்று. அண்ணா நூற்றாண்டு நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையொப்பம் இருக்கிறது. படிக்கத் தெரிந்த கண்ணுக்கு அதைத் தவறவிட மனம் வராது. இவை எதற்கும் பெரிய விலை கிடையாது. கோடிக்கணக்கில் அடித்த காசுக்கு எப்படி லட்சம் கிடைக்கும்?

வைஷ்ணோ தேவி உருவம் போட்ட நாணயத்துக்குப் பத்து லட்சம் என்று வரும் செய்திகளை நம்பி, படம் எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். "பணம் தயார், வரி மட்டும் முன்னால் கட்டுங்கள், கமிஷன் கட்டுங்கள்" என்று அடுத்த அழைப்பு வரும். தன் பெயரைச் சொல்லியே இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. காசை வாங்குகிறவர் நம்மிடம் எதற்குப் பணம் கேட்கிறார் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். ராமர் பட்டாபிஷேகம் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று எழுதிய செம்பு வில்லையும் அதே ரகம்; கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும் காசு என்று யாராவது வந்தால் பேச்சுக் கொடுக்காமல் போலீசுக்குச் சொல்லுங்கள். வீடு இடிக்கும்போது மண்ணுக்கடியில் குடத்தோடு கிடைத்தால் அது வேறு விஷயம்: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக, புளி. நம் வீடுகளில் செம்பு என்றால் கை தானாகப் புளிக்குப் போகும். என் சேகரிப்பில் இருந்த, அரைச் சக்கரம் மதிப்புள்ள நல்ல 'எட்டுக் காசு' நாணயம் ஒன்றை, ஒரு பொங்கலுக்கு விளக்கோடு சேர்த்து என் அத்தை புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, "பார், எப்படிப் பளிச்சென்று இருக்கிறது" என்று கொண்டுவந்து தந்தார். எழுபது வருடம் செம்பின்மேல் படிந்திருந்த தவிட்டு நிறத் தோல் போய், சங்கின் வரிகள் மழுங்கி, உரித்த கோழி போல இருந்தது. அத்தையிடம் என்ன சொல்வது? நன்றாக இருக்கிறது என்றேன். அழுக்கு இருந்தால் வெறும் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்கவே வேண்டாம். மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் போட்டால் நாளாவட்டத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். காகித உறையே போதும். நம்முடையது கடற்காற்று அடிக்கும் ஊர். செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைக் கூடவே போட்டு வையுங்கள்.

உங்கள் சங்குக் காசையும் அப்படியே வைத்திருங்கள். அந்தப் பையன் மறுபடி மிட்டாய்க்கு வரும்போது ஒரு ரூபாயைத் திருப்பிக் கேட்காதீர்கள். இது யார் பெட்டியில் இருந்தது என்று மட்டும் கேளுங்கள். வீட்டில் யாராவது இதைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும். தேடவில்லை என்றால், அந்தப் பெட்டியில் இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டுவைப்பதிலும் தவறில்லை.